மூடிய பிறகு அழாதீர்கள், திறந்திருக்கும்போதே போய்ச் சாப்பிடுங்கள்

சென்னையில் ஏதாவது ஒரு பழைய ஹோட்டல் மூடப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், அன்றைக்கு முகநூல் முழுக்க ஒப்பாரிதான். "என் காலேஜ் நாளெல்லாம் அங்கேதான்", "அந்த ரவா தோசை இனி எங்கே கிடைக்கும்". கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் கதை வேறு. 1962-இல் தொடங்கி 2008-இல் மூடினார்கள். அது அரசு நிலம், குத்தகைப் பிரச்சினை. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. சாப்பிட வந்தவர்கள் என்ன செய்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. தெருமுனை டிபன் கடை அப்படியா? அது பெரும்பாலும் கல்லாவில் காசு குறைந்துதான் சாகிறது.

நான் திருவல்லிக்கேணி மேன்சன், அதாவது பேச்சிலர்கள் அறை எடுத்துத் தங்கும் விடுதி, வழியாக இந்த ஊருக்கு வந்தவன். மேன்சன் அறையில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். அதனால் இங்கே ஹோட்டல் என்பது ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குப் போகும் இடம் இல்லை. பேச்சிலர்களுக்கு அதுதான் அடுக்களை. ரத்னா கஃபேயை எல்லாருக்கும் தெரியும். வடக்கே மதுராவிலிருந்து வந்த ஒருவர் 1948-இல் தொடங்கிய கடை, சென்னைக்கே சாம்பார் இட்லி என்றால் இதுதான் என்று காட்டியது. எனக்கு இன்றும் அது ஆச்சரியம்தான். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு பந்திக்குக் காத்திருந்த தலைமுறைகள் உண்டு. நான் வழக்கமாகச் சாப்பிடும் கடை அந்த அளவுக்குப் பேர்போனது இல்லை. உள்ளே ஏழெட்டு மேஜை, சுவரில் சாமி படங்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சோம்புக் கிண்ணம். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

பல வருஷமாக ஒரே கடைக்குப் போவதில் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறார். நான் உட்கார்ந்ததும் சப்ளையர் குனிந்து, "சார், பொங்கல் இன்னைக்கு வேணாம், கொஞ்சம் இறுகிடுச்சு. ஊத்தப்பம் சொல்லட்டுமா?" என்பார். புதிதாக வருகிறவருக்கு இந்த வார்த்தை கிடைக்காது. இப்போது இருக்கிற பையன் ஒடிசாக்காரன். வந்த புதிதில் "சட்னி", "சாம்பார்" இரண்டு சொல்தான் தெரியும். இன்றைக்கு "அண்ணா, கெட்டிச் சட்னி தீர்ந்துபோச்சு, காரச் சட்னி ஃப்ரெஷ்" என்கிறான், மாஸ்டரின் திருநெல்வேலி ராகத்திலேயே.

அந்த வார்த்தைக்குப் பதில் மரியாதை நாமும் செய்ய வேண்டும். போன வருஷம் கொஞ்ச நாள் சாம்பார் தண்ணீராக இருந்தது. பருப்பு கரையாமல் அடியில் தங்கிவிடும், கரண்டியால் கலக்கினால் ஒரு நிமிஷத்தில் மறுபடி மேலே தெளிந்த நீர் நிற்கும். பக்கத்து மேஜையில் ஒருவர் அதைப் போட்டோ எடுத்து அங்கேயே ஒரு ஸ்டார் போட்டார். நான் கை கழுவிவிட்டு நேரே அடுக்களை வாசலுக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். பேசாமல் பருப்பு மூட்டையைக் காட்டினார். மளிகைக் கடைக்காரர் மாற்றி அனுப்பிய பழைய பருப்பு, எவ்வளவு வேகவைத்தாலும் மசியவில்லை. அந்த வாரமே மூட்டை திரும்பிப் போனது. ஸ்டார் போட்டவர் இன்னும் அந்தப் பதிவை எடுக்கவில்லை.

விலை விஷயத்தில்தான் நம் ஆட்கள் மிக மோசம். மாலில் ஒரு காபிக்கு முந்நூறு ரூபாய் வாய் பேசாமல் கொடுப்பவர், இங்கே டபராவுக்கு மூன்று ரூபாய் ஏறினால் கல்லாவில் நின்று சண்டை போடுகிறார். 19 கிலோ சிலிண்டரின் விலை மாதா மாதம் மாறும், அதன்மேல் 18 சதவீதம் வரி. நம் பில்லில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுகிற ஹோட்டல், சிலிண்டருக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. 2017 நவம்பரிலிருந்து இதுதான் விதி. உளுந்தும் காபித்தூளும் ஏறிய கதை வீட்டில் சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். இதில் செயலி வழியாக ஆர்டர் போட்டால் கமிஷன் வேறு. நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு செயலியில் தோசை வரவழைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தோசைக்கும் கேடு, கடைக்கும் கேடு.

பழைய கஸ்டமர் என்று சலுகை கேட்பதும் எனக்குப் பிடிக்காது. காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஒரு காபியை வைத்துக்கொண்டு பேப்பர் படித்தால், வாசலில் நிற்கும் நான்கு பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். பேச வேண்டும் என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போகலாம், போண்டா போடுகிற நேரம். கடை ஈயாடுகிற அந்த நேரத்தில் போய் உட்காருகிறவரைத்தான் நான் நல்ல வாடிக்கையாளர் என்பேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மேன்சன்களில் ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. எங்கள் கடை முதலாளி பார்சலுக்கு மட்டும் என்று அரை ஷட்டரைத் திறந்துவைத்தார். தயிர் சாதம், எலுமிச்சை சாதம், சில நாள் வெறும் உப்புமா. சம்பளம் வராதவர்களிடம் "நோட்டுல எழுதிட்டுப் போ தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வேலை பறிபோய் ஊருக்கே போய்விட்ட ஒரு பையன் அடுத்த வருஷம் பணம் அனுப்பினான். சிலர் அனுப்பவில்லை. அந்த நோட்டைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

வருகிற தை மாதம் கடையின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. கட்டட உரிமையாளர் கேட்கும் தொகையைக் கொடுத்தால் இட்லி விலையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. அவர் மகன் "விட்டுடலாம்பா" என்கிறான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது பெயரைப் போட்டு எழுதினால் காரியம் கெட்டுவிடும் என்பதால்தான் மறைத்தேன். வரும் ஞாயிறு காலை தினமும் சாப்பிடுகிற நாங்கள் சிலர் உரிமையாளரை வீட்டில் போய்ப் பார்க்கிறோம். கொஞ்சம் குறைத்து, மூன்று வருஷத்துக்கு ஒரே வாடகையாக எழுதிக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. திருவல்லிக்கேணியில் இருக்கிறவர்கள் யாராவது கூட வர முடியும் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கடை எது என்று அங்கே சொல்கிறேன்.