தலை சுத்துறதுக்கு ஹெட்செட் மட்டும் காரணம் இல்ல

"விஆர்ல (ஹெட்செட் மாட்டிப் பாக்குற மெய்நிகர் உலகத்துல) தலை சுத்துதுன்னா ஹெட்செட் மட்டம், விலை கூடுனத வாங்குனா சரியாயிடும்"னு மேல ஒரு நண்பர் போட்டிருக்காரு, அது தப்புங்க, இத நம்பி ஸ்டூடண்ட்ஸ் கடன் வாங்கிடக் கூடாதுன்னுதான் எழுதுறேன். கண்ணு நாம நடக்குறோம்னு காட்டுது, உள்காது உடம்பு அசையலன்னு சொல்லுது, முக்கியமா அந்த முரண்பாடுலதான் குமட்டல் வருது. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஜாய்ஸ்டிக்க தள்ளி கோயில் பிரகாரத்துல நடக்குற மாதிரி வெச்சிருந்தோம், கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி ரெண்டே நிமிஷத்துல மேசை விளிம்ப இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கழட்டுங்கடான்னுட்டா. அதே ஹெட்செட்தான், டெலிபோர்ட் (நடக்காம, காட்டுன இடத்துக்கு சட்டுன்னு தாவுறது) போட்டு, திரும்புறத 45 டிகிரி 45 டிகிரியா வெட்டி மாத்துனதும் கால் மணி நேரம் நிம்மதியா சுத்திப் பாத்தா.

அப்புறம் ஃப்ரேம் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தன படம் (ஃப்ரேம்) வருதுங்கிறது, அது சரியா இல்லன்னாலும் தலை சுத்தும். 72 ஹெர்ட்ஸ்னா, அதாவது செகண்டுக்கு 72 படம்னா, ஒரு ஃப்ரேமுக்கு கிட்டத்தட்ட 14 மில்லிசெகண்ட்தான் கையில இருக்கு, நாங்க தூண் சிற்பத்த ஹெவி மாடலா அப்படியே போட்டதால படம் திக்கித் திக்கி வந்துச்சு, பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல பாலிகான (மாடலோட சின்னச் சின்னப் பரப்புகள) குறைச்சு, லைட்டிங்க பேக் பண்ண (வெளிச்சத்த முன்னாடியே கணக்குப் போட்டுப் பதிச்சு வெச்ச) அப்புறம்தான் சீரா ஓடுச்சு.

தலை திரும்புறத மட்டும் ட்ராக் பண்ற, போன செருகிப் பாக்குற பெட்டிக்கும் எட்டிக் குனியுறதையும் ட்ராக் பண்ற ஹெட்செட்டுக்கும் வித்தியாசம் உண்டு, அத நான் மறுக்கல. ஆனா யூனிட்டிங்கிற (Unity) கேம் சாஃப்ட்வேர்ல டிவைஸ் சிமுலேட்டர்னு, ஹெட்செட் இல்லாமலே கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குற வசதி இருக்கு, கீபோர்டு மவுஸ வெச்சே பாதி வேலைய முடிச்சிடலாம், டெஸ்டிங்குக்கு மட்டும் லேப்ல இருக்குறத கேட்டு வாங்குங்க.