பழைய கல்குவாரியில் குப்பையைக் கொட்டினால் பாதுகாப்பா?

"கைவிட்ட கல்குவாரியில் குப்பையைக் கொட்டி மண்ணைப் போட்டு மூடினால் போதும், பாறை எதையும் கசிய விடாது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

வெடி வைத்து உடைத்த பாறையில் விரிசல்கள் ஏராளம். பல குவாரிகளின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே இருக்கும். கோடையிலும் வற்றாமல் அங்கே தேங்கி நிற்பது பெரும்பாலும் ஊற்றுநீர்தான். குப்பைக்குள் இறங்கும் மழைநீர் கறுத்த கசிவுநீராக மாறி, அம்மோனியாவையும் உலோகங்களையும் சுமந்துகொண்டு விரிசல் வழியே கிணறுகளை எட்டிவிடும். மண்ணில் ஊறிப் போகும்போது நடக்கிற கொஞ்சநஞ்ச வடிகட்டல்கூட இங்கே கிடையாது.

சரி, குவாரியே கூடாதா? அப்படியும் இல்லை. நீர்மட்டம் நன்றாக ஆழத்தில் இருக்க வேண்டும். அடியில் களிமண், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, கசிவுநீரை வெளியே எடுக்கக் குழாய்கள், சுற்றிலும் நீரைச் சோதிக்கும் கிணறுகள், இவ்வளவும் வேண்டும். அமெரிக்க விதிகள் களிமண் மட்டுமே குறைந்தது 60 செ.மீ. கேட்கின்றன.

மூடினாலும் வேலை முடியாது. உள்ளே மீத்தேன் என்ற தீப்பற்றக்கூடிய வாயு பல ஆண்டுகள் உருவாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதே விதிகள் மூடிய பிறகும் பொதுவாக 30 ஆண்டு பராமரிப்பைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.