அம்மிச்சி கேட்ட சேங்ஷன்

2025 ஆகஸ்ட் கடைசி. திருப்பூர்ல ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கற மச்சான் போன்ல ஒரே புலம்பல். வெச்சதும் அம்மிச்சி, "ஏங்கண்ணு, என்னவாம்?"னாங்க. "அமெரிக்காக்காரன் ரஷ்யா மேல சேங்ஷன் போட்டான், அது நம்ம தலைல விடியுது அம்மிச்சி"ன்னேன்.

"சேங்ஷன் ஆனா நல்லதுதான சாமி?"

சொசைட்டிக்கு மாட்டு லோனுக்காக அஞ்சு நட நடந்தவங்க. சேங்ஷன்னா அவங்களுக்குப் பணம் கைக்கு வர்றது.

சிரிச்சுட்டேன். ஆனா கேள்வி நியாயந்தானுங்களே? கொடுக்கறதுக்கும் தடுக்கறதுக்கும் இங்கிலீஷ்ல ஒரே சொல்லு. லத்தீன்ல 'சட்டமா உறுதிப்படுத்தறது'ங்கறதுல இருந்து வந்ததாம். நம்ம அரசாணைல 'ஒப்பளிப்பு', பேப்பர்ல 'பொருளாதாரத் தடை'. இந்த விஷயத்துல தமிழ் தெளிவு.

எனக்குக் கடுப்பு இன்னொரு சேங்ஷன் மேல. லஞ்சம் வாங்குன அரசு ஊழியர் மேல கோர்ட்டு வழக்க எடுக்கோணும்னா, 1988 ஊழல் தடுப்புச் சட்டம் 19வது பிரிவுப்படி, அவர வேலைய விட்டுத் தூக்கற அதிகாரம் இருக்கறவங்க அனுமதி வேணும். நேர்மையானவரப் பொய் வழக்குல மாட்டி விடாம இருக்கத்தான் அது, தப்பே சொல்லமாட்டேன். 2018 திருத்தத்துல மூணு மாசம் கெடுவும் வெச்சாங்க, சட்ட ஆலோசனை கேட்கோணும்னா இன்னொரு மாசம். கெடு தாண்டுனா அனுமதி வந்ததாவே எடுத்துக்கலாம்னு மட்டும் அதுல எழுதல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா புதுசா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டம் 218வது பிரிவுல அப்படி எழுதியிருக்கு, 120 நாள் கணக்கு. அதையே லஞ்ச வழக்குக்கும் கொண்டாந்தா என்ன குடி முழுகிப்போகும்?

சரி, மச்சான் கதைக்கு வர்றேன். ஐ.நா. சாசனம் 41வது பிரிவுல பாதுகாப்பு சபை பொருளாதாரத் தடை போடலாம். ரஷ்யா கைல எந்தத் தீர்மானத்தையும் தடுக்கற வீட்டோ இருக்கறதால அது மேல அங்க ஒண்ணும் நடக்காது. அமெரிக்கா தனியாப் போட்டுச்சு, ஐரோப்பாவும் போட்டுச்சு. அப்புறம், ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கறீங்கன்னு நம்ம சரக்கு மேல ஏற்கெனவே இருந்த 25 சதவீதத்தோட இன்னொரு 25 போட்டுச்சு அமெரிக்கா. பேரு என்னமோ வரிதான், வேலை அபராதத்தோட வேலை. கச்சா எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வாங்காத மச்சான் யூனிட்ல ஞாயித்துக்கிழமை ஷிப்ட் நின்னுபோச்சு. அளவுச் சீட்டு குத்துன பனியன் பண்டல் அப்படியே சுவத்தோரமாக் கெடக்குது.

ரெண்டு ஓவர்லாக் மெஷின் வாங்க பேங்க்ல லோனுக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அமெரிக்கா ஆர்டர்னு தெரிஞ்சதும், "கொஞ்சம் பொறுங்க"ன்னுட்டாராம் மேனேஜர்.

அம்மிச்சி இன்னமும் தினம் கேட்கறாங்க, அவனுக்கு சேங்ஷன் ஆச்சான்னு.