முடி தொங்கும் கத்தி

(மலேசியாவின் பினாங்கு லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையிலிருந்து நேரே வந்து நிற்கிறான் தம்பி ராஜு. ரப்பர் பால்மரம் சீவியே பிள்ளைகளைப் படிக்கவைத்த அக்கா பாக்கியம் அடுப்படியில்.)

ராஜு: அக்கா, கதவைச் சாத்து! அசல் சாமுராய் கத்தி. 350 வெள்ளிக்கு அமுக்கிட்டேன்.

பாக்கியம்: சாமுராய் கத்தியில எதுக்குடா இத்தனை முடி தொங்குது?

ராஜு: 1942-ல ஜப்பான்காரன் கொண்டாந்ததாம். அவன் முடியாத்தான் இருக்கும்.

பாக்கியம்: ஜப்பான் வாளை ரெண்டு கையால பிடிப்பாங்க. பிடிக்கு மேல வட்டமா ஒரு தட்டு இருக்கும். இதுல ஒரு கைக்குத்தான் இடம், தட்டையும் காணோம். பிடியைப் பாரு, மான்கொம்பு. எவனோ உக்காந்து பொறுமையா செதுக்கியிருக்கான்.

ராஜு: அப்ப கூர்க்கா கத்தி!

பாக்கியம்: அது நடுவுல மடங்கியிருக்கும். இது நேரா போய் நுனிகிட்டதான் அகலமாகுது.

ராஜு: ஐயோ, அப்ப சாதா வெட்டுக்கத்தி பாராங்கா? உன் தம்பி பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னைப் பொலி போட்டுருவா.

பாக்கியம்: கத்தாதே. (அலகின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலால் தடவுகிறாள். சமையல்கட்டில் குழம்பு கொதிப்பது கூட அவளுக்கு நினைவில்லை.) ஏன்டா, இதால எதையாவது வெட்டிப் பாத்தியா?

ராஜு: வழியில ஒரே ஒரு வாழைமரம். ஓங்கிப் போட்டேன், கத்தி சறுக்கிக்கிட்டுப் போயி பக்கத்துல இருந்த துணிக்கொடியை அறுத்துருச்சு. வீட்டுக்காரம்மா துரத்துனாங்க.

பாக்கியம்: அறுக்காம என்ன செய்யும்? நீ பீச்சாங்கைக்காரன். இங்க தொட்டுப் பாரு. ஒரு பக்கம் லேசா குழி, மறு பக்கம் புடைப்பு. வலக்கையில பிடிச்சா குழி உள்பக்கம் வரும், வெட்டு ஆழமா இறங்கும். இடக்கைக்காரனுக்குன்னா மாத்தி அடிச்சுத் தருவாங்க. இது போர்னியோ சாமான்டா!

ராஜு: போர்னியோவா? உனக்கு எப்படித் தெரியும்?

பாக்கியம்: பெரியவனை வாத்தியார் வேலைக்கு போர்னியோவுல இருக்கிற சரவாக் மாநிலம், மீரிக்கு அனுப்புனாங்கள்ல, அப்ப ஜூன் 1 கவாய் அறுவடைக் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தேன். இருவாச்சி இறகு சொருகிக்கிட்டு ஆடுனவங்க இடுப்புல இதேதான். கூச்சிங் மியூசியத்துலயும் கண்ணாடிக்குள்ள வெச்சிருந்தாங்க. அங்க உள்ள இபான் இனத்துக்காரங்க இலாங்னு சொல்லுவாங்க, இந்தோனேசியாவோட கலிமந்தான் பக்கம் மண்டாவ். போர்னியோவோட காயான், கென்யா இனத்துக் கொல்லருங்க அடிச்சதுன்னா தனி மரியாதை.

ராஜு: (குரலைத் தாழ்த்தி) அக்கா, முதுகோரமா பித்தளைப் பொட்டு பதிச்சிருக்கு பாரு. ஒரு பொட்டுக்கு ஒரு தலைன்னு கடைக்காரன் சொன்னான். எண்ணுனேன், இருபத்தேழு!

பாக்கியம்: ஜப்பான் கத்தியிலயா?

ராஜு: ... ஆமால்ல.

பாக்கியம்: தலை வெட்டுற வழக்கம் அங்க இருந்தது நெசந்தான். 1841-லேர்ந்து சரவாக்கை ஆண்ட புரூக்குங்கிற வெள்ளைக்கார ராஜாக்கள் அதை அடக்குனாங்க. ஆனா பொட்டு அழகுக்கு வெச்சது. வெலையை ஏத்தத்தான் உன் கடைக்காரன் தலையை எண்ணிக் காட்டியிருக்கான்.

ராஜு: பழசாவது நெசமா?

பாக்கியம்: சுற்றுலாக்காரங்களுக்கு விக்கிறதுல அலகு தகரம் மாதிரி இருக்கும், பிடி வார்த்து எடுத்த பிளாஸ்டிக்கு. தோட்டத்துக்குன்னு அடிக்கிறதுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை. இதுல கொம்பு மஞ்சளடிச்சு, உறையில சுத்துன பிரம்பு கறுத்துக் கெடக்கு. அலகும் தீட்டித் தீட்டித் தேஞ்சிருக்கு. புழங்குன சாமான்தான். நல்லாத்தான் வாங்கியிருக்க.

ராஜு: (நெஞ்சை நிமிர்த்தி) எனக்கு அப்பவே தெரியும்.

பாக்கியம்: (உறையைத் திருப்பி) இங்க பட்டையில ஒரு சின்னப் பை தச்சிருக்கு. காலியா இருக்கே? இதுக்குள்ள ஒரு குட்டிக் கத்தி இருக்கணும். அலகு சிறுசு, பிடி மட்டும் நீளம். பிரம்பு சீவ, செதுக்க வெச்சிருப்பாங்க. ரெண்டும் சேந்தாத்தான் முழு செட்டு.

ராஜு: நீளப் பிடியா?

பாக்கியம்: ஆமா.

ராஜு: அலகு சுண்டுவிரல் கணக்கா?

பாக்கியம்: ஆமாடா. எங்க அது?

ராஜு: இன்னும் 20 வெள்ளி குடுத்தா அதையும் தரேன்னான். பென்சில் சீவுற கத்திக்கு 20 வெள்ளியான்னு நல்லாத் திட்டிவிட்டு வந்துட்டேன்.

பாக்கியம்: அடுப்பை அணைச்சுட்டு வரேன், காரை எடு. அங்க போனதும் நீ வாயைத் தொறக்காதே, நான் பேசிக்கிறேன்.