இனியாவது “உப்பு தேவையான அளவு” என்று எழுதாதீர்கள்

சமைக்கத் தெரியாதவர்களுக்காகவே எழுதப்படும் எளிய சமையல் குறிப்புகள் மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. பல நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் மாணவி. மூன்று பேராக ஒரு வீடு எடுத்துத் தங்கி, ஒரு வருடமாக நாங்களே சமைத்துச் சாப்பிடுகிறோம். இரண்டு பர்னர் அடுப்பு, ஆழமான பாத்திரம் ஒன்று, அகலமான வாணலி ஒன்று, சின்ன ஃப்ரிட்ஜ். இவ்வளவுதான் எங்கள் சமையலறை. திங்களும் வியாழனும் என் முறை. முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வருகிறேன்: குறிப்பில் என்ன எழுதியிருந்தது, நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆனது. அந்த நோட்டை இப்போது புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கஷ்டமான சமையலில் நான் அதிகம் தோற்கவில்லை. “மிக எளிது”, “பத்தே நிமிடம்”, “ஐந்தே பொருள்” என்று தலைப்புப் போட்ட குறிப்புகளில்தான் தோற்றிருக்கிறேன். காரணம், அந்தக் குறிப்புகளைச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது, புதிதாக அடுப்படிக்கு வருபவருக்கு எது மிகவும் தேவையோ அதுதான்.

அதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: பதம். எதைப் பார்த்தால், எந்த வாசனை வந்தால், எந்தச் சத்தம் மாறினால் அடுத்த வேலைக்குப் போகலாம் என்பது. நிமிடக் கணக்கை எழுதுகிறார்கள், பதத்தை எழுதுவதில்லை.

உப்பிலிருந்தே தொடங்குகிறேன். “உப்பு தேவையான அளவு.” எவ்வளவு தேவை என்று தெரிந்தவருக்கு இந்தக் குறிப்பே தேவையில்லை. என் முதல் மாதத்தில் ஒரு காய்கறி சூப் செய்தேன். அந்தக் குறிப்பில் நல்லவேளையாக அளவு இருந்தது: “2 ஸ்பூன் உப்பு”. எந்த ஸ்பூன்? டீஸ்பூன் என்றால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி. ஒன்றுக்கு மூன்று மடங்கு. கையில் கிடைத்த பெரிய ஸ்பூனால் இரண்டு போட்டேன். போதாததற்கு என்னிடம் இருந்தது தூள் உப்பு. கல் உப்பில் பரலுக்குப் பரல் இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறைவாகத்தான் பிடிக்கும். எந்த உப்பு என்றும் குறிப்பில் இல்லை.

சூப்பை வாயில் வைக்க முடியவில்லை. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று அறைத்தோழி சொன்னாள். இரண்டு கிழங்கு போட்டு வேகவைத்தோம். கிழங்கு உப்புக் கரித்தது, சூப்பும் அப்படியே கரித்தது. கிழங்கு உப்பை மட்டும் தேடிப்பிடித்து எடுப்பதில்லை. உப்பைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. மிச்சமிருக்கும் சூப்பில் உப்பின் விகிதம் மாறாது. தண்ணீரையோ உப்பில்லாத வேறொன்றையோ சேர்த்து அளவைப் பெருக்குவதுதான் வழி. அப்படியே செய்தோம். ஒரு வேளைக்கு வைத்த சூப் நான்கு வேளைக்கு வந்தது. அந்த நாள் நோட்டில் நான் எழுதியது: “பாதி உப்பு முதலில். வெந்ததும் ருசி பார். அப்புறம் கால் டீஸ்பூன், கால் டீஸ்பூனாக.” இந்த ஒரு வரியைக் குறிப்பில் சேர்க்க எவ்வளவு இடம் ஆகிவிடும்?

அடுத்தது சோறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இதில்தான் நான் அதிகம் தோற்றேன், அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

“ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஒரு கப் வைத்தபோது சரியாக வந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று கப் அரிசி, ஆறு கப் தண்ணீர் வைத்தேன். கணக்குப்படி சரிதானே? அடியில் கூழ், மேலே குழைந்த சோறு. அடுத்த வாரம் இன்னும் கவனமாக அளந்து வைத்தேன். மறுபடி அதே கூழ். அளப்பதில்தான் எங்கோ பிசகுகிறேன் என்று நினைத்து மூன்றாவது தடவை ஒவ்வொரு கப்பையும் விளிம்பு மட்டத்துக்குத் தட்டி அளந்தேன். அப்போதும் கூழ்தான்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். “தண்ணிய அளக்கிறதே இல்லம்மா. அரிசி மேல விரல வையி, ஒரு கணு மட்டத்துக்குத் தண்ணி நிக்கணும், அவ்வளவுதான்” என்றார். “எத்தனை கப் அரிசிக்கும்மா?” என்று கேட்டேன். “எத்தனைக்கும் அதே கணுதான்” என்றார். அது எப்படி என்று அப்போது புரியவில்லை. ஒரு கப்புக்கும் மூன்று கப்புக்கும் ஒரே கணுவா?

பிறகு தேடிப் படித்தபோது விளங்கியது. வடிக்காமல் வைக்கும் சோற்றில் அரிசி தன் அளவுக்குச் சமமான தண்ணீரைத்தான் ஏறக்குறைய உறிஞ்சுகிறது. நாம் கூடுதலாக ஊற்றும் தண்ணீர் ஆவியாகப் போவதற்கு. ஆவியாவது எவ்வளவு என்பதைப் பாத்திரத்தின் வாயகலமும், மூடி எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதும், அடுப்பில் இருக்கும் நேரமும் முடிவு செய்கின்றன. அரிசியின் அளவுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. ஆகவே அரிசியை மூன்று மடங்காக்கினால் உறிஞ்சும் தண்ணீர் மூன்று மடங்காகும், ஆவியாகும் தண்ணீர் கிட்டத்தட்ட அதே ஒரு கப்பில் நிற்கும். ஆறு கப் எனக்கு வேண்டியிருக்கவில்லை, நாலு, நாலே கால் போதும். அம்மாவின் விரல் கணு அளந்தது அந்த மாறாத பங்கைத்தான்! இது புரிந்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் எந்தச் சமன்பாடும் எனக்கு அப்படிப் பிடிபட்டதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் சோறு தவறுவதில்லை. தண்ணீர் கொதித்து, மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்ததும் தீயை மிகக் குறைத்து மூடுகிறேன். அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் திறப்பதில்லை. அந்தக் குழிகள்தான் பதம். எந்தக் குறிப்பிலும் நான் அவற்றைப் படித்ததில்லை.

வெங்காயம். “ஐந்து நிமிடம் பொன்னிறமாகும் வரை வதக்கவும்.” இந்த வாக்கியத்தில் ஐந்து நிமிடத்தை நம்புவதா, பொன்னிறத்தை நம்புவதா? நான் நிமிடத்தை நம்பினேன். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் வெளுத்துத் துவண்டு கிடந்தது. குறிப்பில் சொன்னபடி வரவேண்டுமே என்று தீயைக் கூட்டினேன். ஓரமெல்லாம் கருகி, நடுவில் பச்சை வாசனை போகாமல் நின்றது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேறும் வரை வாணலியில் இருப்பதன் சூடு 100 டிகிரி செல்சியஸைச் சுற்றியேதான் நிற்கும். உணவு சிவந்து மணம் பிடிப்பது 140 டிகிரி வாக்கில்தான் வேகமெடுக்கும். 1912-ல் லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை அது. அவர் பெயரால்தான் அதை இன்றும் சொல்கிறார்கள். இதெல்லாம் குறிப்பில் வேண்டாம். “முதலில் ஈரச் சத்தம் வரும், அது அடங்கி எண்ணெய் பொரியும் சத்தமாக மாறியதும்தான் நிறம் மாறத் தொடங்கும்” என்று மட்டும் எழுதியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன். என் வாணலியில் கண்ணாடி போல ஆக ஆறேழு நிமிடம், ஓரம் சிவக்கப் பதினைந்து, முழுக்கப் பழுப்பாகி இனிக்க வேண்டுமென்றால் சின்னத் தீயில் நாற்பது நிமிடம். மூன்றும் மூன்று வேறு பதம்.

முட்டை எனக்குச் சீக்கிரம் கைவந்தது. கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கி, பத்து நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிடுகிறேன். அதிக நேரம் விட்டால் மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் வரும். வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்வதால் வருவது, சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஓடு உரியாமல் பிய்ந்து வந்தால் முட்டை மிகவும் புதிதாக இருக்கலாம். ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் இருந்தது நன்றாக உரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் ருசி கெட்ட கதைகள். இனிச் சொல்வது உடம்பு கெட்ட கதை. இதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு ராஜ்மா குறிப்பு. “எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, குறைந்த சூட்டில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்” என்று இருந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட வசதி என்ன? ஊறவைத்துவிட்டு, சின்னத் தீயில் வைத்துப் படிக்க உட்கார்ந்தோம். தக்காளியையும் முதலிலேயே போட்டிருந்தேன். புளிப்பு இருந்தால் பயறு மெத்தென்று ஆக வெகு நேரம் பிடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கொஞ்சம் நறுக்கென்று இருந்ததையே சாப்பிட்டோம். இரண்டு மணி நேரத்தில் ஒருத்திக்கு வாந்தி, அப்புறம் எனக்கும். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை.

சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. பச்சையாக நாலைந்து பயறு தின்றாலே வாந்தி வரக்கூடும். சூடு போதாமல் அரைகுறையாக வெந்தால் பச்சையைவிட அதன் வீரியம் கூடவும் செய்யலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதில் இந்தப் பயம் இல்லை. “எளிது” என்று போட்ட ஒரு குறிப்பிலிருந்து இந்த ஒரு வரியை எப்படி விட்டார்கள்? உப்பு கூடினால் ஒரு வேளைச் சாப்பாடு போகும், அவ்வளவுதான். இந்த வரி விடுபட்டால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம். குறிப்பு எழுதும் எல்லோரிடமும் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: இடம் போதாவிட்டால் உங்கள் முன்னுரையை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

இதையெல்லாம் சொன்னால், “செய்யச் செய்யக் கைப்பக்குவம் தானாக வரும்மா” என்று அன்பாகச் சொல்கிறார்கள். வரும், எனக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் என் கூடப் படிக்கும் எத்தனை பேர் இரண்டு தடவை கெட்டுப்போனதும் “எனக்கு இது வராது” என்று அடுப்பை விட்டுப் போய்விட்டார்கள் தெரியுமா? குறிப்பில் இருந்த ஓட்டையைத் தங்கள் கையின் குறையாக எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதம் என்பது பழகியவர் கையில் மட்டும் ஒளிந்திருக்கும் ரகசியம் இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தெரிவதை வார்த்தையில் எழுத முடியும்.

சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை என்பதால், எனக்கு நன்றாக வரும் ஒன்றை நான் விரும்பும் விதத்தில் எழுதிப் பார்க்கிறேன். மிச்சச் சோற்றில் முட்டைச் சோறு.

சோறு வடித்த அன்றே அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். இரவு முழுக்க வெளியே கிடந்த சோறு வேண்டவே வேண்டாம். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும் சூட்டிலும் பிழைத்திருந்து, வெளியே வைத்த சோற்றில் பெருகும். வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மறுநாள் எடுக்கும்போது சோறு தொட்டால் உதிர வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. வாணலி சூடாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று சிதறிக் காய்ந்தால் எண்ணெய் ஊற்றலாம். எண்ணெய் தண்ணீர் போல இளகி ஓடும்போது முட்டையை ஊற்றுங்கள். ஓரம் உடனே உப்ப வேண்டும். முக்கால் பங்கு வெந்து, மேலே இன்னும் ஈரம் பளபளக்கும்போதே சோற்றைக் கொட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு ஆள் சோறுதான். கூடுதலாகப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் ஆவியில் நனையும். முதலில் சத்தம் குறையும், பயப்பட வேண்டாம், கிளறாமல் ஒரு நிமிடம் விடுங்கள். சத்தம் மறுபடி ஏறி, அங்கங்கே பருக்கை துள்ளத் தொடங்கினால் ஆகிவிட்டது. உப்பு கால் டீஸ்பூன், தூள் உப்பு. ருசி பார்த்துவிட்டு வேண்டுமானால் ஒரு சிட்டிகை.

இதைச் சமையலே தெரியாத ஒரு ஜூனியரிடம் எழுதிக் கொடுத்தேன். முதல் தடவையிலேயே சரியாக வந்தது என்று படம் அனுப்பினாள். பருக்கை துள்ளுகிறது அக்கா என்று கீழே எழுதியிருந்தாள்.

இன்னும் எனக்குப் பிடிபடாதது மீன். நாலு தடவை வறுத்துவிட்டேன், நாலு தடவையும் தோல் வாணலியில் ஒட்டிக்கொண்டு சதை தனியாக வருகிறது. “இருபுறமும் மூன்று நிமிடம்” என்றுதான் எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. மீன் நன்றாக வறுக்கத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நிமிடம் வேண்டாம், எதைப் பார்த்துத் திருப்புகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வியாழக்கிழமை மறுபடி செய்யப் போகிறேன்.