வணக்கம் சொல்லாத பையனும் பதில் சொல்லாத சாரும்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் திரும்பப் பகிரப் போவதில்லை. "சார் இன்டர்னல் ஏன் 11தான் வந்திருக்கு". அந்தப் பையன் அனுப்பியது இவ்வளவுதான். வணக்கம் இல்லை, பேர் இல்லை, ராத்திரி பத்தேமுக்கால் மணி. ஒரு பேராசிரியர் அதை முகநூலில் தூக்கிப் போட்டு "இதுதான் இன்றைய தலைமுறை" என்கிறார். கீழே நம்ம வாத்தியார்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். இன்டர்னல் மார்க் 25க்கு 11 ஏன் வந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

அவன் கேட்டான். எனக்கு அதுதான் பெரிசு. டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், அட்டெண்டன்ஸ் எல்லாம் சேர்ந்ததுதானே இன்டர்னல். எதில் போனது என்று தெரியாமல் அடுத்த செமஸ்டரில் எதைத் திருத்துவான்?

"அப்போ மரியாதை வேண்டாமா?" என்று வருவீர்கள். வேண்டும். "வணக்கம் சார், நான் இரண்டாம் வருஷம் பி.எஸ்சி., ரோல் நம்பர் இது. இரண்டாவது டெஸ்ட் அன்னிக்கு காலேஜ் வேலையா ஓ.டி.யில (ஆன் டியூட்டி) இருந்தேன். அந்த மார்க் சேர்ந்திருக்கான்னு பார்க்கணும், எப்போ வரலாம் சார்?" இப்படி எழுதியிருக்கலாம். சரி, யார் சொல்லிக் கொடுத்தது? தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுத வைத்தோம், மார்க் போட்டோம். எதிரில் நிற்கிற வாத்தியாரிடம் பேசுவதற்கு ஒரு பீரியட் ஒதுக்கினோமா? வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவன் அதை எங்கே போய்க் கற்றுக்கொள்வான்?

நானும் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள்தான். முதல் வருஷம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று "மே ஐ கம் இன்" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் "சார், உள்ள வரட்டா?" என்றேன். "உங்க ஊர்ல இதுகூடச் சொல்லித் தரலையா?" என்றார் ஒருவர். அறையே சிரித்தது. அந்த சாரின் பேப்பரில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அரியர்தான் வந்தது.

காப்பாற்றியது இன்னொரு மேடம். "வாயால சொல்ல வரலன்னா எழுதிட்டு வாம்மா. எது புரியலன்னு எழுதாத, எதுவரைக்கும் புரிஞ்சுதுன்னு எழுது" என்றார். இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறேன். எது புரியவில்லை என்று கேட்டால் "எல்லாமே மேம்" என்பார்கள். எதுவரை புரிந்தது என்று கேட்டால், எந்த வரியில் வண்டி நின்றது என்று தெரிந்துவிடும். மூன்றாவது வரியில் நின்ற பையனுக்கு முழுப் பாடத்தையும் மறுபடி நடத்த வேண்டியதில்லை, ஐந்து நிமிஷம் போதும்.

"நாங்கள்லாம் அடி வாங்கிப் படிச்சோம்" கோஷ்டிக்கு: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடியை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அது 14 வயதோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் உங்கள் தைரியமா?

ராத்திரி நேரமா? அசைன்மென்டுக்கு "நாளைக்கே கடைசி நாள்" என்று வகுப்பு குரூப்பில் நாம் எத்தனை மணிக்குப் போடுகிறோம்? விடுங்கள்.

மாணவர் குறைகளைக் கேட்க ஒவ்வொரு கல்லூரியிலும் குழு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2023இல் விதியே போட்டிருக்கிறது. யார் போவார்கள்? மார்க்கைக் கேட்டவனுக்கே முகநூலில் ஊர்வலம். நாளைக்கு ஹாஸ்டலிலோ பஸ்ஸிலோ ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால், நம்மிடம் வந்து சொல்லுமா? சொல்லாது. அப்புறம் "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று பேட்டி கொடுப்போம்.

இதில் எனக்கு வலிப்பது வேறு. சிரித்த அதே ஆட்கள் கல்லூரி முதல்வர் அறைக்குள் எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்கிரிமென்ட் ஏன் நின்றது என்று கேட்க இரண்டு வருஷமாக வாய் வராதவர்கள். பத்தொன்பது வயசுப் பையனுக்கு வந்திருக்கிறது. அந்தப் பொறாமையோ என்னவோ.

டிபார்ட்மென்ட் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்களாம். சந்தோஷம். காலை வணக்கப் படங்களை அழிக்கிற வேலை மிச்சம்.