துப்பாக்கி ஸ்டிக்கரைப் பார்த்துத் திருடன் பயப்படுவானா?

டெக்சஸில் பிக்கப் டிரக்கின் பின்கண்ணாடியில் துப்பாக்கி ஸ்டிக்கர் ஒட்டுவது தப்பா என்று கேட்டால், சட்டப்படி தப்பே இல்லை. அழகாக இருக்கிறதா என்றால் அது அவரவர் ரசனை. ஆனால் "இதைப் பார்த்தால் திருடன் கிட்டவே வரமாட்டான்" என்று சொல்லி ஒட்டுகிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அவன் வருவதற்கே அந்த ஸ்டிக்கர் காரணமாகிவிடும் என்பது என் கட்சி.

இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் அபார்ட்மென்ட்டில் இருக்கும் மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். (எச்1பி விசாவில் இருக்கும்வரை பொதுவாக வாங்க முடியாது. வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு என்பது தனிக்கதை.) துப்பாக்கி வந்த பெட்டிக்குள்ளேயே கம்பெனி ஸ்டிக்கரும் இருந்தது. நேராகக் கொண்டுபோய் வண்டியில் ஒட்டிவிட்டார்.

"ஏண்ணே, இது தேவையா?" என்றேன்.

"வீட்டு வாசல்ல 'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு போர்டு மாட்டுறோம்ல தம்பி, அதே கணக்குதான்" என்றார்.

நல்ல உதாரணம்தான், ஆனால் அது அவர் பக்கம் பேசவில்லை. நாய் நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் கடிக்கும். நீங்கள் இல்லாத இடத்தில் துப்பாக்கி யாரையும் ஒன்றும் செய்யாது, எடுத்தவன் கையோடு போய்விடும். ஸ்டிக்கர் மிரட்டுவது வண்டிக்குள் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது எட்டிப் பார்ப்பவனை. திருடனோ நீங்கள் இறங்கிப் போன பிறகு வருகிறவன். கடைக்குள் நீங்கள் பால் வாங்கிக்கொண்டிருக்கும்போது, பார்க்கிங்கில் அந்த ஸ்டிக்கர் அவனுக்குச் சொல்வது ஒன்றுதான்: இந்த வண்டிக்காரனிடம் துப்பாக்கி இருக்கிறது, இப்போது அவன் பக்கத்தில் இல்லை.

சரி, கையிலேயே எடுத்துக்கொண்டு போயிருந்தால்? அங்கேதான் டெக்சஸ் நடைமுறையைப் பார்க்க வேண்டும். 2007 முதல் லைசென்ஸ் இல்லாமலே சொந்த வண்டியில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை இல்லாத, 21 வயது நிரம்பியவர் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கவும் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் எல்லா இடத்துக்குள்ளும் கொண்டுபோக முடியாது. பள்ளிக்கூடம், கோர்ட், தொழில்முறை விளையாட்டுப் போட்டி நடக்கும் ஸ்டேடியம், சிவப்பில் '51%' என்று பலகை மாட்டிய பார், எல்லாம் தடை. வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்பதுதான் அந்த 51. வேலையிடத்தில் 2011இல் வந்த சட்டப்படி, பூட்டிய வண்டிக்குள் ஊழியர் துப்பாக்கி வைத்திருப்பதை முதலாளி பொதுவாகத் தடுக்க முடியாது, கட்டடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லலாம். ஆக, கொண்டுவந்தவர் எங்கே வைப்பார்? வண்டியில்தான். சீட்டுக்கு நடுவில் இருக்கும் கன்சோல், கிளவ் பாக்ஸ், டிரைவர் சீட்டுக்கு அடியில். இந்த மூன்று இடத்தைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை, திருடனும் அதற்கு மேல் தேடுவதில்லை.

இப்போது பார்க்கிங்கில் வண்டிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். க்ளாக், சிக் சாவர் என்று துப்பாக்கிக் கம்பெனிப் பெயர்கள். பிரவுனிங் கம்பெனியின் மான் தலைச் சின்னம். துப்பாக்கி உரிமைச் சங்கமான என்ஆர்ஏவின் உறுப்பினர் ஸ்டிக்கர். 1835இல் டெக்சஸின் கொன்சாலஸ் ஊரில் மெக்சிகோ படைக்குப் பீரங்கியைத் திருப்பித் தர மறுத்தபோது பறந்த கொடி வாசகம், 'வந்து எடுத்துக்கொள்' என்பது, மேலே பீரங்கிக்குப் பதிலாக ஏஆர்-15 ரைஃபிள் படத்தோடு. நடு ராத்திரியில் ஆளில்லாத வண்டியில் அதைப் படிக்கிறவன் வந்து எடுத்துக்கொள்ளத்தான் போகிறான், அழைத்தது நீங்கள்தானே.

அண்ணன் விடவில்லை. "ஸ்டிக்கர் இல்லாத வண்டியிலும்தான் திருடுறான். போலீஸ் ரிப்போர்ட்ல ஸ்டிக்கர் இருந்துச்சான்னு எழுதுறாங்களா?" என்றார். நியாயமான கேள்வி. நிறையத் திருட்டுக்கு ஸ்டிக்கர் தேவையே இல்லை. தெருவில் நடந்துகொண்டே ஒவ்வொரு வண்டியின் கைப்பிடியையும் இழுத்துப் பார்ப்பார்கள், திறந்தால் உள்ளே கை விடுவார்கள், திறக்காவிட்டால் அடுத்த வண்டி. அவர்களுக்கு வேண்டியது பூட்டாத கதவு மட்டும். ஆனால் பூட்டிய வண்டி என்றால் கண்ணாடியை உடைக்க வேண்டும். சத்தம் வரும், அலாரம் அடிக்கும், கேமராவில் விழலாம். இவ்வளவையும் தாண்டி உடைக்க அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். பத்து வண்டி வரிசையாக நின்றால் எதை உடைப்பது என்று அவன் குருட்டாம்போக்கில் முடிவு செய்வான் என்று நினைக்கிறீர்களா? சீட்டில் கிடக்கும் லேப்டாப் பையைக் காலுக்கடியில் தள்ளி மறைத்துவிட்டு இறங்குகிற அதே ஆள், துப்பாக்கி இருக்கிறது என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட்டுப் போவதுதான் எனக்குப் புரியவில்லை.

இது கற்பனைப் பயம் இல்லை. எவ்ரிடவுன் அமைப்பு (துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்கிற தரப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன்) எஃப்பிஐ தரவுகளை வைத்துப் போட்ட கணக்கில், 2022இல் 337 நகரங்களில் திருடுபோன சுமார் 1,12,000 துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் வண்டிகளிலிருந்து போனவை. அதற்குப் பத்து வருஷம் முன்பு இது கால் பங்கைக்கூடத் தொடவில்லை. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரப் போலீஸ் இந்தத் திருட்டுக் கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டு, வண்டியைப் பூட்டுங்கள், துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே இருக்கிறது.

எதிர்த்தரப்பில் ஒரு ஆய்வை அடிக்கடி காட்டுவார்கள், அதையும் பேசிவிடலாம். அதே மாநிலத்து மெம்ஃபிஸ் நகரின் கமர்ஷியல் அப்பீல் நாளிதழ், டென்னசியில் துப்பாக்கி பர்மிட் வைத்திருப்பவர்கள் பட்டியலை யாரும் தேடும்படி இணையத்தில் போட்டது. அது ஊர் முழுக்கத் தெரியவந்தபின் என்ன ஆனது என்று அக்விஸ்டி, டக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பர்மிட் அதிகமுள்ள பகுதிகளில் வீடு புகுந்து திருடுவது குறைந்திருந்தது. ஆக, தெரிந்தால் பயப்படுகிறான் அல்லவா? இருக்கலாம், ஆனால் அது வீடு. உள்ளே ஆள் இருக்கலாம், அந்த ஆள் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்ற பயம் அது. வீட்டு விஷயத்திலேயே குக், லுட்விக் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: துப்பாக்கி அதிகமுள்ள பகுதிகளில் வீட்டுத் திருட்டு குறையவில்லை, கூடத்தான் செய்தது. பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சந்தேகத்தின் பலன்கூடக் கிடையாது. உள்ளே ஆள் இல்லை என்பது கண்ணாடி வழியாகவே தெரிகிறதே. அதே மெம்ஃபிஸில், பர்மிட் இல்லாமலே வண்டியில் லோடு செய்த துப்பாக்கி வைக்கலாம் என்று 2014இல் சட்டம் வந்தபின், வண்டியிலிருந்து துப்பாக்கி திருடுபோவது பல மடங்கு கூடியது.

போன துப்பாக்கி உங்கள் நஷ்டத்தோடு நிற்பதுமில்லை. 2015 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரை மேடையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண் குண்டு பட்டு இறந்தார். அந்தத் துப்பாக்கி நான்கு நாள் முன்பு ஒரு மத்திய அரசு ரேஞ்சரின் வண்டியிலிருந்து திருடப்பட்டது. பயிற்சி பெற்ற அதிகாரியின் வண்டிக்கே அந்த நிலை.

ஸ்டிக்கரைத் தடை செய்யச் சொல்லவில்லை, அப்படி ஒரு சட்டம் அமெரிக்காவில் நிற்கவும் நிற்காது. கொலராடோவில் 2025 ஜனவரி முதல் ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். டெக்சஸில் அப்படிக் கட்டாயம் இல்லை. திருடுபோனால் போலீஸில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூடத் தனிநபருக்கு இல்லை. அதனால் எல்லாம் நம் கையில்தான். சீட்டுக் கம்பியில் இரும்பு வயரால் கட்டிவைக்கும் சின்னப் பெட்டி ஐம்பது டாலருக்குள் கிடைக்கிறது. அதையும் தெரிந்தவன் அறுத்துவிடுவான், நேரம் பிடிக்கும் என்பதுதான் அதன் பலன். ராத்திரியில் துப்பாக்கி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். சீரியல் நம்பரை எழுதி வையுங்கள், வண்டியில் அல்ல, வீட்டில். கிளவ் பாக்ஸில் எழுதி வைத்த ஆளையும் எனக்குத் தெரியும்.

அண்ணன் பெட்டி வாங்கிவிட்டார். ஸ்டிக்கர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உரித்தால் கண்ணாடியில் பசை நிற்கும் என்று ஒரு சாக்கு. ஹேர் டிரையரில் சூடு காட்டினால் வந்துவிடும், கடன் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.